வாசகர் கேள்வி–பதில்: சிங்க் பட்டன் இருக்கும்போது கையால் மிக்ஸ் பண்ணப் பழக வேண்டுமா?

டிஜே வேலை பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில், இரண்டு பாட்டின் தாளத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனில்தான் வந்து நிற்கின்றன. அவற்றில் எட்டுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: டிஜே கன்ட்ரோலர் (லேப்டாப்போடு இணைத்துப் பாட்டுகளைக் கலக்கும் கருவி) வாங்கிச் சில மாதம் ஆகிறது. சிங்க் அழுத்தினால் இரண்டு பாட்டும் சேர்ந்துகொள்கின்றன. மூத்த டிஜேக்களோ, "காதால் பீட்மேட்ச் பண்ணத் தெரியாதவன் டிஜேவே இல்லை" என்கிறார்கள். இது வெறும் வீம்பா, உண்மையிலேயே தேவையா?

பதில்: அவர்கள் சொல்வதில் வீம்பு கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள் என்றுதான் நாங்களும் சொல்வோம். எங்கள் காரணம் வேறு.

பீட்மேட்ச், அதாவது இரண்டு பாட்டின் தாளத்தைக் கையால் ஒன்றாகச் சேர்ப்பது, வேறு வழி இல்லாத காலத்தில் உருவான வித்தை. 1960-களின் கடைசியில் நியூயார்க் கிளப்களில் ஃபிரான்சிஸ் கிராஸோ போன்றவர்கள் இரண்டு ரெக்கார்டுகளின் தாளத்தை ஒன்றாக ஓட்டியபோது, வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் வசதி பெரிதாக இல்லை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் (ரெக்கார்டு சுழற்றும் கருவி) வந்தது 1972-ல். வேகத்தை ±8 சதவீதம் மாற்றும் நீளமான பிட்ச் ஸ்லைடர் 1979-ல் வந்த அதன் எம்கே2 மாடலில்தான் சேர்ந்தது. அந்த ஸ்லைடரையும் காதையும் வைத்துச் செய்த வேலையைத்தான் சிங்க் இன்று நொடியில் முடிக்கிறது. அந்த ஒரு வேலையை இயந்திரத்திடம் விடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

ஆனால் சிங்க் பாட்டைக் கேட்பதில்லை. சாஃப்ட்வேர் முன்கூட்டியே பாட்டின் மேல் போட்டுவைத்த பீட்கிரிட் கோடுகளை (பீட் விழும் இடங்களைக் காட்டும் குறிகளை) மட்டுமே அது பார்க்கிறது. கோடு தப்பாக இருந்தால் அந்தத் தப்பையும் துல்லியமாகச் சேர்த்துவைக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பாட்டின் உண்மையான வேகம் 127.95 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்), சாஃப்ட்வேர் 128.00 என்று எடுத்துக்கொண்டது. நான்கு நிமிடத்தில் கோடு 0.2 பீட் விலகிவிடும். 128-ல் ஒரு பீட் 469 மில்லிசெகண்ட். ஆக, விலகல் ஏறக்குறைய 94 மில்லிசெகண்ட். பாட்டின் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. அடுத்த பாட்டுக்கு மாறும் கடைசி நிமிடத்தில்தான் கிக் (பெரிய டிரம்மின் அடி) 'டும்' என்று விழாமல் 'டு-டும்' என்று இரட்டிக்கும். திரையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று அழகாக நிற்கும். எந்தப் பாட்டு முன்னால் ஓடுகிறது என்பதை அப்போது காதுதான் சொல்ல வேண்டும், கை ஜாக் வீலை (பாட்டைத் துளி முன்னே பின்னே தள்ளும் சுழல்தட்டை) சரியான பக்கம் தள்ள வேண்டும். பழகாதவர் திரையை நம்பிக்கொண்டு நிற்பார்.

இன்னொரு நிலைமையும் அடிக்கடி வரும். உங்களுக்கு முன் ஆடவைத்துக்கொண்டிருந்தவர் வினைலிலோ தன் சொந்த லேப்டாப்பிலோ பாட்டுப் போடுகிறார். அவருடைய பாட்டுக்கு உங்கள் கருவியிடம் கிரிட்டே கிடையாது. முதல் பாட்டை அவருடைய கடைசிப் பாட்டோடு நீங்கள் கையால்தான் சேர்க்க முடியும்.

பழகி முடித்தபிறகு தாராளமாக சிங்க் போட்டுக்கொள்ளுங்கள். பீட் சேர்ப்பதில் போகும் கவனத்தை அடுத்த பாட்டைத் தேர்வதில் செலவிடலாம்; அதுதான் ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: கையால் பீட்மேட்ச் பழக நினைக்கிறேன். எங்கே தொடங்குவது, எப்படிப் போவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: முதலில் கருவியைத் தயார் பண்ணுங்கள். சிங்க், குவாண்டைஸ் (நீங்கள் அழுத்துவதைத் தானாகப் பீட்டில் பொருத்தும் வசதி) இரண்டையும் அணையுங்கள். பிபிஎம் எண்ணின் மேல் ஒரு டேப் ஒட்டுங்கள். லேப்டாப் திரையை வேறு பக்கம் திருப்புங்கள். டெம்போ ரேஞ்சை (ஸ்லைடர் வேகத்தை மாற்றும் வீச்சை) ±6 அல்லது ±8 சதவீதத்தில் வையுங்கள். 100 மில்லிமீட்டர் ஸ்லைடரில் ±16 வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தலுக்கு 0.32 சதவீதம், அதாவது 128-ல் 0.4 பிபிஎம் மாறும். விரல் அவ்வளவு நுணுக்கமாக நிற்காது. ±6-ல் அதே நகர்த்தல் 0.15 பிபிஎம் மட்டுமே. சின்ன கன்ட்ரோலர்களில் ஸ்லைடர் இன்னும் குட்டை. அங்கே ரேஞ்சைக் குறைப்பது கட்டாயம்.

இரண்டு டெக்கிலும் (தனித்தனியாகப் பாட்டு ஓட்டும் இரண்டு பக்கத்திலும்) ஒரே பாட்டைப் போடுங்கள். நிலையான கிக் உள்ள பாட்டு நல்லது. ஒரு டெக்கை 0-வில் ஓடவிட்டு, மற்றதன் ஸ்லைடரைக் கண்ணை மூடிக்கொண்டு எங்காவது நகர்த்திவிடுங்கள். இதைத்தான் இப்போது காதால் கண்டுபிடித்துச் சரிசெய்யப் போகிறீர்கள்.

இரண்டாவது டெக்கில் முதல் கிக்கின் நுனியில் கியூ (பாட்டைத் தொடங்கும் இடத்தின் குறி) வையுங்கள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, மற்ற காதால் ஸ்பீக்கரைக் கேளுங்கள். ஓடும் பாட்டை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, அடுத்த 'ஒன்று' விழும்போது விடுங்கள். இனிமேல் கிக்கைக் கவனிக்காதீர்கள். கிக் மழுங்கலான சத்தம். முன்னே பின்னே என்பது அதில் சட்டென்று பிடிபடாது. கைதட்டல் ஒலி, ஸ்னேர் டிரம், ஹை-ஹாட் தட்டு ஆகியவை கூர்மையானவை. அவை இரட்டிக்கிறதா என்று பாருங்கள்.

இரட்டித்தால் ஜாக் வீலின் ஓரத்தைத் துளி முன்னே தள்ளுங்கள். இடைவெளி குறுகினால் உங்கள் பாட்டு பின்தங்கியிருந்தது என்று பொருள். அகன்றால் மறுபக்கம் இழுங்கள். முன்னா பின்னா என்று யோசித்துக்கொண்டே நிற்பதைவிட இப்படித் தள்ளிப் பார்ப்பது வேகமான வழி. ஒட்டியதும் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். மறுபடி அதே பக்கம் நழுவினால் வேகமே சரியில்லை. இப்போது ஸ்லைடரைத் தொட வேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது? நழுவ எடுக்கும் நேரமே சொல்லிவிடும். 25 மில்லிசெகண்ட் அளவுக்கு விலகினால் பெரும்பாலானோர் காதுக்கு இரட்டிப்பு தெரிய ஆரம்பிக்கும். 128-ல் ஒரு பிபிஎம் வித்தியாசம் இருந்தால் மூன்று செகண்டில் அந்த விலகல் வந்துவிடும். 0.1 பிபிஎம் என்றால் அரை நிமிடம் பிடிக்கும். ஆகவே மூன்று செகண்டில் கெட்டுப்போனால் ஸ்லைடரை 0.8 சதவீதம் அளவுக்குத் தைரியமாக நகர்த்துங்கள். அரை நிமிடம் தாங்கினால் ஒரு மில்லிமீட்டரும் வேண்டாம். எதிர்ப்பக்கம் நழுவத் தொடங்கினால் நகர்த்தியதில் பாதி திரும்பி வாருங்கள், பிறகு அதிலும் பாதி. ஒரே பாட்டு என்பதால், மிகச் சரியாகச் சேர்ந்ததும் சத்தம் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் 'ஷூ' என்று சுழலும். அந்தச் சத்தம் கேட்டால் விலகல் சில மில்லிசெகண்ட்தான்.

எல்லோரும் இடறும் இடங்கள் சில உண்டு. ஸ்லைடரைத் தொடாமல் ஜாக் வீலை மட்டும் பத்து செகண்டுக்கு ஒருமுறை தள்ளிக்கொண்டே இருப்பது முதலாவது. நழுவலுக்குக் காரணம் வேகம் என்று புரியும்வரை இது நிற்காது. இதன் மறுபக்கமும் உண்டு: வேகம் சரியாக இருக்கும்போது, விட்ட கணம் தப்பிப்போனதற்காக ஸ்லைடரைக் கலைப்பது. ஹெட்போனைச் சத்தமாக வைப்பதும் கெடுதல். ஸ்பீக்கர் சத்தம் மூடிப்போய் இரண்டையும் ஒப்பிட முடியாமல் ஆகிவிடும். இரண்டு காதிலும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும்.

ஒரே பாட்டில் கை பழகியதும், இரண்டு மூன்று பிபிஎம் வித்தியாசம் உள்ள வேறு வேறு பாட்டுகளுக்குப் போங்கள். பிறகு ஆறு பிபிஎம் இடைவெளி. அதன்பிறகு கிக் இல்லாமல் பெர்க்கஷன் மட்டும் உள்ள பாட்டு. தினம் இருபது நிமிடம் போதும், விட்டுவிட்டுச் செய்யாமல் இருந்தால் சரி. முன்பின் போடாத இரண்டு பாட்டை அரை நிமிடத்துக்குள் ஒட்டவைக்க முடிகிறதென்றால் டேப்பைப் பிய்த்துவிடலாம்.

கேள்வி: சிங்க் போட்டிருக்கிறேன், கிரிட்டும் சரி, கிக் இரட்டிக்கவில்லை. இருந்தும் மாறும் இடம் குழம்பலாக இருக்கிறது. ஏன்?

பதில்: பீட் சேர்வது மிக்ஸின் கால் பங்கு வேலைதான். மிச்சத்தை சிங்க் தொடுவதே இல்லை.

முதல் சந்தேகம் ஃப்ரேஸ் (பாட்டின் ஒரு பகுதி) மேல். நடனப் பாட்டுகளில் பெரும்பாலும் எட்டு பாருக்கு ஒருமுறை, அதாவது 32 பீட்டுக்கு ஒருமுறை, ஏதாவது சேரும் அல்லது விலகும். 128-ல் இது 15 செகண்ட். ஒரு பாட்டின் 32-ன் தொடக்கத்தில் மற்றதன் 32 தொடங்க வேண்டும். நீங்கள் எட்டு பீட் தள்ளி விட்டிருந்தால் கிக் எல்லாம் ஒட்டியிருக்கும். ஆனால் பழைய பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது புதியது இறங்கிக்கொண்டிருக்கும். குரல் மேல் குரல் விழுவதும் இதனால்தான். புதிய பாட்டில் குரல் 32 பார் கழித்து வருகிறது, பழைய பாட்டின் குரல் முடிய 16 பார்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியதை முதலிலிருந்து தொடங்கினால் குரல் வருவதற்குள் 16 பார் வெறுமையாகப் போகும். அதன் 16 பார் முடியும் இடத்தில் ஒரு ஹாட் கியூ (பட்டனை அழுத்தியதும் தாவும் குறி) வைத்து அங்கிருந்து விடுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் இந்த இடங்களை வீட்டிலேயே குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது பேஸ். இரண்டு கிக்கும் பேஸும் ஒன்றாக ஒலிக்கக் கூடாது. மிகச் சரியாகச் சேர்ந்தால் அளவு 6 டெசிபெல் வரை ஏறி மிக்சர் சிவப்புக்குப் போகும். ஒன்பது மில்லிசெகண்ட் விலகினாலோ 55 ஹெர்ட்ஸ் கிக்கில் அது அரை அலை. ஒன்றையொன்று தின்று பேஸ் மெலிந்துவிடும். இந்த விலகல் காதுக்கு இரட்டிப்பாகத் தெரியாது, அடி விழும் கனம் மட்டும் காணாமல் போகும். அதனால் புதிய பாட்டின் லோ ஈக்யூவை (பேஸைக் கூட்டிக் குறைக்கும் திருகை) முழுக்கக் குறைத்து உள்ளே கொண்டுவாருங்கள். அடுத்த ஃப்ரேஸின் 'ஒன்று' விழும்போது ஒரு கை பழையதன் லோவைக் குறைக்க, மறு கை புதியதன் லோவை ஏற்றட்டும். நிதானமாகச் சுழற்றினால் இடையில் இரண்டும் கலங்கும்; இந்த மாற்றம் ஒரே பீட்டில் நடக்க வேண்டும்.

ட்ரிம்மை (மிக்சருக்குள் வரும் பாட்டின் அளவைச் சரிசெய்யும் திருகை) பாட்டின் அமைதியான முகப்பைக் கேட்டு வைக்காதீர்கள். அதன் மிகச் சத்தமான இடத்துக்குத் தாவி, சேனல் மீட்டர் 0-வை ஒட்டி நிற்கும்படி வைத்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். இதைத் தானாகச் செய்யும் ஆட்டோ கெயின் பெரும்பாலும் உதவும், ஆனால் பழைய பதிவுகளில் சறுக்கும்.

சுருதி கடைசியில்தான். சாஃப்ட்வேர் 8ஏ என்று சுருதிக் குறி காட்டும் பாட்டோடு 8ஏ, 7ஏ, 9ஏ, 8பி ஒத்துப்போகும். கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் வசதி) இல்லாமல் வேகத்தை ஆறு சதவீதம் மாற்றினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் நகர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். டிரம் மட்டும் ஓடும் இடங்களில் மாறுவதாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

கேள்வி: சில பாட்டுகளுக்கு 170 என்பதற்குப் பதில் 85 காட்டுகிறது. சில பாட்டுகள் பாதியில் கிரிட்டை விட்டு ஓடுகின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: 85, 170 சிக்கல் எளிது, கிரிட் எடிட்டரில் இரண்டால் பெருக்கும் பட்டன் இருக்கும், அழுத்தினால் முடிந்தது. மற்றதற்கு மெட்ரோனோம் ஒலியை இயக்கி, பாட்டின் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் கேளுங்கள்.

தொடக்கத்திலேயே கிளிக் பீட்டுக்கு நடுவில் விழுந்தால், சாஃப்ட்வேர் ஹை-ஹாட்டை பீட் என்று எண்ணிக்கொண்டது. முதல் கிக்கின் நுனிக்குப் போய் அதையே முதல் பீட்டாகக் குறியுங்கள். கிளிக் சரி, ஆனால் 'ஒன்று' மூன்றாவது பீட்டில் விழுகிறது என்றாலும் இதே மருந்துதான். தொடக்கம் சரியாக இருந்து, போகப்போக ஒரே பக்கமாக விலகினால் பிபிஎம் எண்ணில் சின்னப் பிழை, 0.01 அளவில் கூட்டிக் குறைத்து, கடைசி நிமிடத்தில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு நேரம் முன்னே, ஒரு நேரம் பின்னே என்று அலைந்தால் அது மனிதர் கையால் டிரம் வாசித்த பாட்டு. மாறும் வேகத்துக்கான அனாலிசிஸ் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் எட்டு பாருக்கு ஒரு குறியாகக் கிரிட்டைக் கட்டுங்கள். அதற்கெல்லாம் நேரமில்லாதபோது, அந்தப் பாட்டின் கடைசியில் நல்ல நான்கு பீட்டைப் பிடித்து லூப் போடுங்கள். லூப்பின் வேகம் அலையாது, அதோடு அடுத்ததைக் கையால் ஒட்டவைக்கலாம். இப்படிப்பட்ட பாட்டை சிங்க் மாஸ்டராக மட்டும் வைக்காதீர்கள். அதன் அலைச்சலை மற்ற டெக்கும் பின்பற்றும்.

ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு லைப்ரரியை மாற்றியதும் சில எம்பி3 பாட்டுகளின் கிரிட்டும் கியூவும் 26 மில்லிசெகண்ட் தள்ளி நிற்பதுண்டு. அது ஒரு எம்பி3 ஃபிரேமின் நீளம். ஃபைலின் தொடக்கத்தை ஒவ்வொரு சாஃப்ட்வேரும் வேறு விதமாக எண்ணுவதால் வருகிறது. உங்கள் கை பிழை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போனில் பழகலாமா?

பதில்: வேண்டாம். சாதாரண ப்ளூடூத்தில் 100 முதல் 200 மில்லிசெகண்ட், சிலவற்றில் அதற்கு மேலும் தாமதம் வரும். 128-ல் அது ஏறக்குறைய கால் பீட் முதல் அரை பீட் வரை. சரியாகச் சேர்ந்ததுகூடத் தப்பாகக் கேட்கும், நீங்களும் கலைத்துக்கொண்டே இருப்பீர்கள். வயர் உள்ள, காதை முழுக்க மூடும் ஹெட்போன் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் கையால் நன்றாகச் சேர்க்கிறேன். பெரிய மண்டபத்தில் மட்டும் ஹெட்போனில் சரியாக இருப்பது வெளியே தப்பாகக் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் காது கெட்டுப்போகவில்லை. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிசெகண்ட் ஆகும். ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 12 மீட்டர் தள்ளி இருந்தால் 35 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். ஹெட்போன் சத்தமோ உடனே வரும். அந்த இரண்டையும் ஒட்டவைத்தால், ஆடுகிறவர்களுக்கு 35 மில்லிசெகண்ட் விலகிய மிக்ஸ் போய்ச்சேரும். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் இன்னும் குழப்பும்.

ஒன்றிரண்டு மீட்டருக்குள் ஒரு பூத் மானிட்டர் (டிஜேவுக்கென்று வைக்கும் ஸ்பீக்கர்) வேண்டும் என்று கேளுங்கள். இது ஆடம்பரமில்லை, அடிப்படைத் தேவை. மிக்ஸ் பண்ணும்போது மட்டும் அதை ஏற்றி, முடிந்ததும் இறக்குங்கள். மணிக்கணக்கில் சத்தமாக வைத்தால் காது சோர்ந்து உயர் ஒலிகள் மங்கும். மானிட்டரே இல்லையென்றால் ஹெட்போனின் கியூ-மிக்ஸ் திருகை நடுவில் வைத்து, இரண்டு பாட்டையும் ஹெட்போனுக்குள்ளேயே கேட்டுச் சேருங்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதால் தாமதம் குறுக்கே வராது. இந்த முறையை வீட்டிலேயே பழகிவையுங்கள். ஒரு காதில் கேட்கும் முறையைவிட முதலில் கடினமாக இருக்கும்.

கேள்வி: கைப்பழக்கத்துக்காக வினைல் டர்ன்டேபிள் வாங்க வேண்டுமா?

பதில்: பீட்மேட்ச் பழக மட்டும் என்றால் தேவையில்லை. டேப் ஒட்டிய கன்ட்ரோலரே அந்தக் காதைத் தந்துவிடும். ஸ்க்ராட்ச் (ரெக்கார்டைக் கையால் முன்பின் அசைத்து ஒலி எழுப்புவது) பழகும் ஆசை இருந்தால் கதை வேறு. சுழலும் தட்டின் எடையும் அடியில் உள்ள ஸ்லிப்மேட்டின் வழுக்கலும் கைக்குத் தரும் உணர்வைச் சின்ன ஜாக் வீல் தராது.

கேள்வி: அடுத்த மாதம் முதல்முறையாக வேறொருவர் கருவியில் பாட்டுப் போடப் போகிறேன். பென்டிரைவ் மட்டும் கொண்டுபோவேன். எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

பதில்: பென்டிரைவை ஃபேட்32-வில் ஃபார்மட் செய்யுங்கள். புதிய பிளேயர்கள் சில எக்ஸ்ஃபேட்டையும் படிக்கும், பழையவை படிக்காது. பாட்டுகளை வெறும் ஃபைல்களாக இழுத்துப் போடாமல், பிளேயர் எந்தச் சாஃப்ட்வேருக்கு உரியதோ அதிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் உழைத்துப் போட்ட கிரிட்டும் கியூவும் அங்கே வராது. ஒரே உள்ளடக்கத்தோடு இரண்டு பென்டிரைவ் வேண்டும்.

போனதும் பிளேயர்களுக்கு இடையே லிங்க் கேபிள் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் கேபிள்தான், அது இல்லாவிட்டால் ஒரு பிளேயருக்கு மற்றதன் கிரிட் தெரியாது, சிங்க் வேலை செய்யாது. டெம்போ ரேஞ்ச், குவாண்டைஸ், கீ லாக் மூன்றும் முந்தையவர் வைத்தபடியே இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ரேஞ்ச் 'வைட்'-ல் (மிக அகன்ற வீச்சில்) கிடந்தால் ஸ்லைடரின் சின்ன அசைவு பாட்டையே தூக்கிப்போடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவ் கழன்றுவிட்டால் பல பிளேயர்கள் கடைசியாக நினைவில் இருக்கும் சில பீட்டை லூப்பாக ஓட்டும். அந்த லூப்பை நிறுத்தாதீர்கள். இரண்டாவது பென்டிரைவை மற்ற பிளேயரில் செருகி, அதே வேகத்துக்கு அருகில் உள்ள பாட்டு ஒன்றை எடுத்து, லூப்பின் 'ஒன்று' மேல் விட்டு, காதால் ஒட்டவைத்து, லோவை மாற்றி வெளியே வாருங்கள். அப்போது சிங்கை நம்ப முடியாது. 32 பீட்டுக்குள் முடித்துவிட்டால் கூட்டத்தில் பலருக்கு எதுவும் தெரியாது. இதையும் வீட்டில் ஒருமுறை வேண்டுமென்றே பென்டிரைவைப் பிடுங்கிச் செய்து பாருங்கள். முக்கியமான பாட்டுகள் இல்லாத பென்டிரைவை வைத்துச் செய்யுங்கள். பிடுங்கும்போது ஃபைல் கெட்டுப்போக வாய்ப்புண்டு.